பயப்படத் தெரிந்த எதிராளி

என் தங்கை லூர்து ஒருமுறை குத்துச்சண்டை போட்டபோது, அவளுக்குள் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

கேலிக்குச் சொல்லவில்லை. அந்த ஆட்டங்களை நடத்தி விற்கிற ‘துடிப்பு’ நிறுவனத்தின் அலுவலகத்தில் மேலாளர் கௌசிக் எனக்கு அதைத் திரையில் போட்டே காட்டினார். லூர்து எதிராளியை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போகிறாள். அதே நேரத்தில் பார்ப்பவர்களின் நெஞ்சுத் துடிப்பு ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே போகிறது. எதிராளியின் விலாவில் அவள் குத்தும்போது மதுரையில் ஒரு மனிதர் குறட்டை விட்டிருக்கிறார்.

“குறட்டைன்னு எப்படி சார் தெரியும்?”

“வில்லை சொல்லும் மேடம். மூச்சு அதுல பதியுமே.”

வில்லையைத் தெரியாதவர்கள் இப்போது யாரும் இல்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நகத்தளவு இருக்கும், காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும். சண்டை போடுகிறவர் ஒன்றை ஒட்டியிருப்பார், வீட்டில் பார்ப்பவர் ஒன்றை. அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டால் இவருக்கும் அடித்துக்கொள்ளும், அவருக்கு வயிற்றைப் பிசைந்தால் இவருக்கும் பிசையும். வலி மட்டும் வராது, சட்டம் தடுத்திருக்கிறது. வலியில்லாத பயத்துக்கு இத்தனை பேர் பணம் கட்டுவார்கள் என்று யார் கண்டது? ‘இன்னிக்கு நீ யாருக்குள்ள உக்காரப் போற?’ என்பதே டீக்கடைப் பேச்சாகிவிட்டது.

ஆரம்பத்தில் எல்லாரும் லூர்துவுக்குள்தான் உட்கார்ந்தார்கள். காசிமேட்டுப் பெண், மீன் ஏலம் விட்ட அம்மாவின் குரல், சின்ன உடம்பு. மேடை ஏறும்போது வாந்தி வருவது போலப் பயப்படுவாள், மணி அடித்ததும் அந்தப் பயம் அப்படியே கோபமாக மாறும். அந்த மாற்றத்துக்காகவே ஊர் உலகமெல்லாம் வில்லை ஒட்டிக்கொண்டது. அதெல்லாம் பழைய கதை. பத்து வருடமாக அவளை யாரும் ஜெயிக்கவில்லை. திரையில் அவளுடைய பயத்தைக் காட்டும் கோடு இப்போது சமதரையாகப் படுத்துக் கிடக்கிறது.

“அவங்களுக்கும் பயம் இல்ல,” என்றார் கௌசிக். “எதிர்ல வர்றவங்களுக்கும் இல்ல. தோத்துட்டு சம்பளத்தை வாங்கிட்டுப் போகலாம்னு வர்றாங்க. அப்ப எதைத்தான் மேடம் நான் விக்கிறது?”

“நல்ல ஆட்டத்த விக்கலாமே சார்.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நல்ல மனிதர்தான். என் வயிற்றுப் புண்ணைப் பற்றி மறக்காமல் விசாரிப்பார், எனக்கென்று காரமில்லாத சமோசா வாங்கி வைப்பார். அதைத் தின்றுகொண்டிருக்கும்போதே தலையில் கல்லைப் போடுவார்.

“அடுத்த ஆட்டமும் படுத்துச்சுன்னா அவங்கள விடுவிச்சிடுவோம். கோடு படுத்தவங்கள வெச்சுக்கணும்னு ஒப்பந்தத்துல இல்ல. நீங்க பயப்படத் தெரிஞ்ச ஒருத்தியைக் கொண்டு வாங்க. பயப்படணும், ஆனா ஓடக்கூடாது. கொஞ்ச நேரமாவது தாங்கணும். முடியுமா?”

முடியும் என்றேன். அதுதான் என் வேலை. என் பெயர் ஜெசிந்தா. லூர்துவுக்கு எதிராளி தேடிப் பிடித்து ஜோடி போடுவது நான்தான். காசிமேட்டில் என்னைப் ‘புரோக்கரக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணப் புரோக்கருக்காவது இரண்டு வீடும் நன்றாக இருக்கட்டும் என்று நினைக்க ஒரு வாய்ப்பு உண்டு. என் தொழிலில் ஒரு வீடு விழுந்தே ஆக வேண்டும். அது எங்கள் வீடாக இருந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் மூலையில் நின்று செத்துப் பிழைப்பேன். எங்கள் குடும்பத்துக்கு வர வேண்டிய பயம் முழுவதையும் நானே எடுத்துக்கொண்டேன் என்று அம்மா இருந்தவரை சொல்வாள்.

வீட்டுக்கு வந்து லூர்துவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் வஞ்சிரக் குழம்புச் சட்டியில் துண்டு தேடிக்கொண்டிருந்தாள்.

“கரீட்டாத்தான சொல்லிக்கிறான்,” என்றாள். “உள்ள எனுக்கே தூக்கம் வருது. பாக்குறவனுக்கு வராதா?”

“சிரிக்காதடி. உன்ன அனுப்பிடுவாங்களாம்.”

“அப்போ எனுக்கு பயம் வர்ற மாரி ஒருத்திய இட்டுனு வா. நீ இட்டாந்ததெல்லாம் பயம் வர்ற மூஞ்சிங்களா? சொல்லு.” பிறகு, உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லும் குரலில் சொன்னாள். “அன்னிக்கி கொருக்குப்பேட்ட கேட்ல இன்னா ஆச்சு தெரிமா? ரயிலு வந்துனு கீது. ஆரன் அடிக்கிறான். நான் பாத்துனு நிக்கிறேன். நவுருன்னு புத்தி சொல்லுது, ஒடம்பு கேக்கல. பின்னாடி ஒரு பெரியவரு சட்டயப் புட்சி இஸ்தாரு.”

“இத ஏன்டி என்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ இப்டி பாப்பன்னுதான்.”

மறுநாளே நிறுவனத்தின் டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். வில்லை பயத்தைப் பிடித்து அனுப்ப வேண்டுமானால், மூளையில் பயம் பிறக்கும் இடத்தை லேசாகச் சீண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து வருடம் சீண்டினால் அந்த இடம் காய்த்துப்போகும், துடுப்புப் போடுகிறவன் உள்ளங்கை காய்ப்பது போல.

“அப்போ பாக்குறவங்களுக்கும் காய்க்குமா டாக்டர்?”

“ஆராய்ச்சி போயிட்டிருக்கு,” என்று மட்டும் சொன்னார். முன்பெல்லாம் கொஞ்சம் பயத்துக்கே துள்ளிய கூட்டம் இப்போது ஏன் மேலும் மேலும் கேட்கிறது என்பது எனக்கு அப்போது புரிந்தது. என்ன செய்ய? என் தங்கையின் பிழைப்பும் அந்தக் கூட்டத்திடம்தான் இருந்தது.

எதிராளி தேட ஆரம்பித்தேன். ஆட்டங்களின் பதிவைப் போட்டு, வில்லையை ஒட்டிக்கொண்டு, ஒவ்வொருத்திக்குள்ளும் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு முன்னாள் சாம்பியன் இருந்தாள். அவளுக்குள் களைப்பும் சலிப்பும்தான் இருந்தன. இன்னொருத்தி லூர்துவைக் கிழித்துத் தொங்கவிடுவேன் என்று தினமும் சவடால் விடுகிறவள், அவள் பின்னால் ஊரே திரிகிறது. உள்ளே போனால் கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்ற பரபரப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஹரியானாப் பெண் ஒருத்திக்கு நிஜமாகவே பயம் இருந்தது, ஆனால் முதல் குத்திலேயே முதுகைக் காட்டிவிட்டாள்.

அப்படித்தான் பேச்சித்தாயின் பதிவு கைக்கு வந்தது. கோவில்பட்டிப் பெண், மாவட்ட அளவில் ஆடிய ஒரு சின்ன ஆட்டம். வில்லையை ஒட்டிய மறு நொடி என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இடுப்புக்குக் கீழே யாரோ ஐஸ் தண்ணீரை ஊற்றிய மாதிரி இருந்தது. அப்படியும் அவள் கால் பின்னால் போகவில்லை, முன்னால்தான் போனது. பாதியில் வில்லையைப் பிய்த்து எறிந்துவிட்டு, பட்டப்பகலில் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பயப்படுவதில் நான்தான் பெரிய ஆள் என்று நினைத்திருந்தேன். இவள் என்னையும் மிஞ்சியிருந்தாள்.

பதிவைப் பார்த்த கௌசிக் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். “தங்கம் மேடம்! இவங்கதான். பேரை மட்டும் பேச்சின்னு சுருக்கிடலாம்.”

கோவில்பட்டிக்கு ரயில் ஏறினேன். புறவழிச்சாலையில் ஒரு பெட்ரோல் பங்கில் அவள் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல உயரம், அகன்ற தோள், பேசும்போது மட்டும் குரல் உள்ளே போய்விடும். என்னை நிழலுக்குக் கூட்டிப் போய் உட்காரவைத்து, பவண்டோ வாங்கிக் கொடுத்தாள்.

“ஒங்க தங்கச்சியோடவா?” என்றாள். “அவங்க நல்லா அடிப்பாங்களாக்கா?”

“நல்லா அடிப்பா. பொய் சொல்ல மாட்டேன்.”

“என்னய சீக்கிரம் விழ வச்சிருவாங்களா?”

அவள் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. பாவம், எவ்வளவு பயம் என்று நினைத்தேன். “சீக்கிரம்னு சொல்ல முடியாது. நீ உறுதியா நின்னா கொஞ்ச நேரம் போகும்.”

“சீக்கிரம் விழ வச்சாத்தாங்க்கா நல்லது,” என்றாள். எனக்கு அது விநோதமாகத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவள் சம்மதித்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் இருந்தேன். என் தங்கையின் பிழைப்பைக் காப்பாற்றிவிட்டேன் என்று ரயிலில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே வந்தேன்.

சென்னையில் விளம்பரம் தூள் பறந்தது. ‘பயந்தவள் வருகிறாள்’ என்று பாலங்களிலெல்லாம் பேச்சித்தாயின் கண்களை மட்டும் பெரிதாகப் போட்டார்கள். அவளுக்குள் உட்காருவதற்கான இடம் முழுவதும் விற்றுவிட்டது. லூர்துவுக்குள் உட்கார ஒரு சில பழைய விசுவாசிகள்தான் பணம் கட்டியிருந்தார்கள்.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு ராயபுரத்தில் ஒரு பயிற்சிக் கூடத்தில் அவள் ஆடுவதைப் பார்க்கப் போனேன். அவளுக்கான வில்லையை ஒட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். எதிரில் பயிற்சிக்கு வந்த பெண் தாக்கினாள். எனக்குள் ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு குத்து பேச்சித்தாயின் தோளில் இடித்தது. அப்போதும் ஒன்றும் இல்லை. பிறகு அந்தப் பெண் களைத்துப்போய்க் கையை லேசாக இறக்கினாள், தாடை தெரிந்தது. உடனே என் வயிற்றுக்குள் அந்த ஐஸ் தண்ணீர் இறங்கியது. கை மேலே போனதும் நின்றது. மறுபடி தாடை திறந்தது, மறுபடி இறங்கியது.

இத்தனை நாளும் நான் தலைகீழாகப் படித்திருக்கிறேன். அடி வாங்கும்போது அவளுக்குப் பயமே இல்லை. அடிக்க வாய்ப்புக் கிடைக்கும்போதுதான் பயம். வில்லை பயத்தை மட்டும்தான் கொடுக்கும், எதைக் கண்டு பயம் என்று சொல்லாது. எல்லாருமே அவரவர் மனசுக்குத் தோன்றியதை நினைத்துக்கொண்டோம்.

உடை மாற்றும் அறையில் அவளைப் பிடித்தேன். “நீ எதுக்குப் பயப்படுற பேச்சி? உண்மையச் சொல்லு.”

கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து முடித்தாள்.

“ஊர்ல கோயில் கொடைக்கு ஒரு ஆட்டம் வச்சாங்கக்கா. சும்மா வெளயாட்டுக்குத்தான், பதிவெல்லாம் கெடையாது. செல்லக்கனின்னு பக்கத்தூர்ப் பிள்ள. கைய எறக்குனா. நா ஒரே ஒரு குத்துதான் குத்துனேன். விழுந்தா, எந்திரிச்சா, சிரிச்சா, வீட்டுக்கு நடந்து போனா. மறுநா அவளுக்கு அம்மாவத் தெரியல.”

“இப்போ?”

“இருக்கா. நாற்காலில உக்காந்துருக்கா. ஞாயித்துக்கெழம நாந்தான் போயி சோறூட்டுதேன். எல்லாரையும் பாத்து சிரிக்கா. என்னயப் பாத்தும் சிரிக்காக்கா.” அவள் தன் வலது கையை மடியில் குப்புறப் போட்டு வைத்திருந்தாள். “மேடைக்குப் போனா நா குத்தணும்னு நெனைக்கவே மாட்டேன். எடம் கெடச்சா அது பாட்டுக்குப் போயிருது. அதாம் ஒங்ககிட்ட கேட்டேன், சீக்கிரம் விழ வச்சிருவாங்களான்னு. அவங்க சாம்பியன். எடமே குடுக்க மாட்டாங்கன்னு நெனச்சித்தான் வந்தேன்.”

“குடுக்க மாட்டா.”

“இல்லக்கா. நேத்து அவங்க பழைய ஆட்டம் பூரா போட்டுப் பாத்தேன்.” குரல் இன்னும் உள்ளே போனது. “அவங்க கண்ணச் சிமிட்டவே மாட்டேங்காங்க. எல்லாருக்கும் அடி வாரதுக்கு முந்தியே ஒடம்பு சுருங்கும். அவங்களுக்குச் சுருங்கல. கண்ணால பாத்துத்தான் ஒதுங்குதாங்க. கண்ணுல படாத அடி ஒண்ணு வந்தா அப்பிடியே முழுசா வாங்குவாங்க. இந்த ஆட்டம் வேண்டாங்க்கா. நிப்பாட்டிருங்க.”

தேடித் தேடி நானே கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறேன், என் தங்கைக்கு எதிரே, ஒரே குத்தில் ஒருத்தியை நாற்காலியில் உட்காரவைத்த கையை. எனக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது.

நேராகக் கௌசிக்கிடம் ஓடினேன். எல்லாவற்றையும் கேட்டார், நடுவில் தண்ணீர் கூடக் கொடுத்தார்.

“மேடம், ரெண்டு பேருக்கும் ஸ்கேன் சரியா இருக்கு. கொடை விழாவுல நடந்ததுக்கு எங்கயும் பதிவு இல்ல. சீட்டெல்லாம் வித்தாச்சு. இப்ப நிறுத்தினா நஷ்ட ஈடு உங்க ரெண்டு குடும்பமும்தான் கட்டணும். அத விடுங்க, அவங்க பயம் எதுக்கா இருந்தா என்ன? பாக்கறவங்களுக்குத் தெரியவா போகுது?”

“என் தங்கச்சிக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

“அதுக்குத்தான் ஒரு ஏற்பாடு பண்றோம். மூலையில நிக்கிறவங்களும் இனிமே வில்லை ஒட்டணும். உங்களுக்குப் பதற்றம் ஏறிச்சுன்னா டாக்டருக்கு உடனே தெரியும். பாதுகாப்புக்கு.”

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். மூழ்கப் போகிறவளுக்கு அதுவாவது கிடைத்ததே என்றிருந்தது.

லூர்துவிடம் சொன்னால் அவளே மறுத்துவிடுவாள் என்று ஒரு நப்பாசை. சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“அத்தத்தாங்க்கா கேட்டேன்! மெய்யாலுமே அடிக்கிறவ ஒருத்தி. சூப்பரு.”

“செத்துடுவடி.”

“அம்மா செத்தன்னிக்கி நீ அப்டி கத்தி அழுத. நான் டீ போட்டுனு இர்ந்தேன், ஞாபகம் கீதா? அழுவாத பொண்ணு, நெஞ்சழுத்தம்னு ஊரே சொல்ச்சி. நெஞ்சழுத்தம்லாம் இல்லக்கா. அம்மா போயிட்டா நம்ம கதி இன்னான்னு ஒரு பயம் வரும்ல, அதுக்கப்பறந்தான அழுவ. எனுக்கு அதுவே வர்ல. வெறும் வூடு மாரி கீது உள்ள. ஒரு தபா பயம் வரட்டும்க்கா. ஒரே ஒரு தபா.”

கடற்கரைக் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

ஆட்டம் பெரியமேட்டு அரங்கில் நடந்தது. மணி அடித்தார்கள். முதல் மூன்று சுற்றும் லூர்து வழக்கம் போல ஆடினாள், இடமும் வலமும் நகர்ந்து, வெள்ளைத் தாளில் கோடு போடுவது போலச் சுத்தமாகக் குத்தினாள். பேச்சித்தாய் வாங்கிக்கொண்டாள், வாங்கிக்கொண்டே முன்னால் வந்தாள். அவள் உதடு கிழிந்திருந்தது. இரண்டு தடவை லூர்துவின் தாடை திறந்தது. இரண்டு தடவையும் பேச்சித்தாயின் வலது கை கிளம்பிப் பாதியில் நின்றது. அவளுக்குள் உட்கார்ந்திருந்த கூட்டம் அரங்கத்தில் ‘ஹோ’வென்று அலறியது. நான் காதுக்குப் பின்னால் என் வில்லையை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டேன். டாக்டர் இருந்த மேசையிலிருந்து யாரும் எழுந்து வரவில்லை.

இடைவேளையில் லூர்துவின் முகத்தைத் துடைத்தேன். “கைய எறக்காதடி, உன் கால்ல விழறேன்.”

“அவ அடிக்க மாட்றாக்கா,” என்றாள், ஏமாந்த குழந்தை மாதிரி.

நான்காவது சுற்று. நடு மேடையில் இருவரும் நின்றார்கள். லூர்து இரண்டு கையையும் கீழே தொங்கவிட்டாள். அரங்கம் அமைதியானது. அவள் கழுத்தை நீட்டி, எனக்குக் கேட்கும்படியே சொன்னாள்:

“அடி.”

பேச்சித்தாய் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்கிறாளா, அழுகிறாளா என்று தெரியவில்லை.

“அடிம்மே!”

லூர்து நடுவரைப் பார்க்கக் கண்ணைத் திருப்பினாள். கண்ணில் படாத அடி என்று பேச்சித்தாய் சொன்னது அதுதான். அந்தத் தோள் சுழலத் தொடங்குவதை நான் பார்த்தேன். என் கையில் துண்டு இருந்தது. நான் எறிந்தேன் என்று சொல்வது பொய். அது பாட்டுக்குப் போய்விட்டது.

துண்டைப் பார்த்துப் பாய்ந்து வந்த நடுவரின் முழங்கையில் பட்டு அந்தக் குத்து விலகி, லூர்துவின் நெற்றியை உரசிக்கொண்டு போனது. உரசியதற்கே அவள் முட்டி போட்டு விழுந்தாள். மூலையிலிருந்து துண்டு விழுந்தால் தோல்வி. பத்து வருடமாக யாராலும் தோற்கடிக்க முடியாத என் தங்கையை நான் தோற்கடித்தேன். பட்டத்தை வாங்கிய பேச்சித்தாய் மேடையிலேயே உட்கார்ந்து தன் வலது கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

லூர்து என்னிடம் பேசவில்லை. உடை மாற்றும் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் அவளுடைய பையை மூடிக்கொண்டிருந்தபோது கௌசிக் உள்ளே வந்தார். நஷ்டக் கணக்கு சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“மேடம், என்ன பண்ணினீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? நாலாவது சுத்துல மூணாவதா ஒரு இடத்தைத் திறந்துவிட்டோம். உங்களை.”

எனக்குப் புரியவில்லை. “பாதுகாப்புக்குன்னு சொன்னீங்களே?”

“பாதுகாப்புக்கும்தான். மேடம், ரெண்டு பேருக்குள்ளயும் இருந்தவங்க எழுந்து அப்படியே உங்களுக்குள்ள வந்துட்டாங்க. இந்த மாதிரி ஒரு பயத்தை நாங்க பாத்ததே இல்ல. தனக்காகப் பயப்படறவங்க பயம் ஒரு அளவுக்கு மேல ஏறாது. இது ஏறிக்கிட்டே போகுது. அந்தத் துண்டு பறக்கறப்ப பல பேர் வீட்ல கத்தியிருக்காங்க. எங்கெங்கயோ போய்த் தேடினோம், நீங்க பக்கத்துலயே நின்னுட்டிருந்தீங்க!” மூச்சு வாங்கினார். “மறு ஆட்டம் போடறோம். இனிமே எதிராளிக்குப் பயம் தேவையில்ல. லூர்துவுக்கு ஆபத்தானவங்களா இருந்தாப் போதும். நீங்க மூலையில நின்னாப் போதும்.”

அடிக்க வேண்டும் போலிருந்தது அந்த மனிதரை. வீட்டில் அம்மா படத்தின் முன்னால் தனியாக நின்று நான் படும் பாடு, இடம் பிடித்து உட்கார்ந்து பார்க்கும் காட்சியாகிவிட்டது. என்னைத் தெரியாத அத்தனை பேர் என் அடிவயிற்றில் கூடி நின்றிருக்கிறார்கள். நான் அந்த வில்லையைப் பிய்த்து அவர் சட்டைப் பையில் போட்டேன்.

மறுநாள் காலை லூர்து எழுந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். நெற்றியில் வீக்கம்.

“உன்னோடத போட்டுக் குடு,” என்றாள்.

“எதுக்கு?”

“ஊரே பாத்துச்சாமே. நான் பாக்கக் கூடாதா?”

சண்டை போடுகிறவர்கள் பார்க்கிற வில்லையை ஒட்டக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அவள் ஒருநாளும் ஒட்டியதில்லை. பக்கத்து வீட்டில் ஒன்றைக் கடன் வாங்கி நான்தான் அவள் காதுக்குப் பின்னால் ஒட்டிவிட்டேன். நான்காவது சுற்றைப் போட்டேன். முதலில் அவள் முகத்தில் எதுவும் இல்லை. பிறகு தோள் குறுகியது. உதடு வெளுத்தது. கால்விரல்கள் தரையைப் பிறாண்டின. துண்டு பறக்கும் இடம் வருவதற்குள் அவள் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றுவிட்டாள். நான் ஓடிப்போய் வில்லையை எடுத்தேன்.

“இன்னாக்கா இது,” என்றாள். பல் கிட்டிப்போயிருந்தது. “இத்த வெச்சினா நீ எனுக்கு சோறு ஆக்கிப் போட்டுனு இர்ந்த? இத்தினி வருசமா?”

“பழகிடுச்சுடி.”

“எனுக்கு கையி நடுங்குதுக்கா. நிக்கவே மாட்டுது. பயமா கீது.”

அவளுடைய பயம் வரும் வழி காய்த்து அடைந்துபோயிருந்தது. என் பயம் வேறு எந்தச் சந்து வழியாக உள்ளே நுழைந்ததோ, டாக்டரம்மாவுக்கே தெரியாது. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அம்மா செத்ததற்கு அவள் அன்றைக்குத்தான் அழுதாள். என் சந்தோஷத்தை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்த நடுக்கம் போகவில்லை. குளித்தாலும் தூங்கினாலும் இருந்தது. கையுறையைப் பார்த்தால் அறையை விட்டு வெளியே போய்விடுவாள். பேச்சித்தாய் பட்டத்தை நிறுவனத்து வாசலில் காவலாளியிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். செல்லக்கனிக்குச் சோறூட்டும் ஞாயிற்றுக்கிழமையைத் தவறவிட அவளுக்கு மனசில்லை.

ஒரு வாரம் கழித்து மத்தியானம் கௌசிக் போன் செய்தார்.

“மேடம், மூலையில நிக்க மாட்டேன்னு சொல்லிட்டீங்களாமே. யார் நிக்கணும்னு ஒப்பந்தத்துல இல்ல, கட்டாயப்படுத்த முடியாது. வருத்தம்தான்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒண்ணு கேக்கணும். அடி பட்டதுக்கு அப்புறம் லூர்துகிட்ட ஏதாவது மாற்றம் தெரியுதா? பயம், நடுக்கம், அந்த மாதிரி?”

“ஏன் சார்?”

“இருந்தா சொல்லுங்க மேடம், மறைக்காதீங்க. பயம் திரும்பி வந்த சாம்பியன்! இதைவிட ஒரு சரக்கு உண்டா? எதிராளி யாரா இருந்தாலும் விக்கும். ஒப்பந்தம் இன்னும் மூணு வருஷம் இருக்கு, நல்லா நடத்தலாம்.”

“இல்லன்னா?”

“இல்லன்னா விடுவிச்சிட வேண்டியதுதான். கடைசி ஆட்டத்துலயும் கோடு படுத்துதானே கிடந்துச்சு. அதை வெச்சு நான் என்ன பண்றது? இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடலாம்.”

உள் அறையிலிருந்து லூர்து கூப்பிட்டாள். “யாருக்கா போன்ல? வெளிய கிளிய போவப் போறியா? இன்னிக்கி வாணாம்க்கா. காத்து ஒரு மாரி கீது.” சொல்லிக்கொண்டே எழுந்து வந்துவிட்டாள். பக்கத்தில் நின்று, என் முந்தானை நுனியை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் நடுங்குவது என் தோள் வரைக்கும் தெரிந்தது.

“மேடம்? லைன்ல இருக்கீங்களா? அவங்களுக்கு இப்பவும் பயமே இல்லையா?”

என் குரல் நடுங்கிவிடக் கூடாதே என்று போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

“லூர்துவுக்கா? பயமா?” என்று சிரித்தேன். “கொஞ்சம்கூட இல்ல சார்.”